ஹார்ட் டிஸ்க்கில் அரிய மண் உலோகம் எந்தப் பாகத்தில் இருக்கிறது? 64 டிஸ்க்குகள் கழிவுக்குப் போகின்றன

சர்வரறை கேட்டது:

வணக்கம். ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பழைய ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றை நிறுத்திவிட்டோம். அதிலிருந்து கழற்றிய 64 ஹார்ட் டிஸ்க்குகள் என் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கி இருக்கின்றன. எல்லாம் 3.5 அங்குலம், 4 டெராபைட். அடுத்த மாதம் மொத்தமாக அரவை இயந்திரத்துக்கு அனுப்பப் போகிறார்கள். தரவு வெளியே போகக் கூடாது என்பதுதான் காரணம்.

கூட வேலை பார்க்கும் ஒருவர், "அதில் அரிய மண் உலோகம் இருக்கிறது, அப்படியே அரைத்தால் வீணாகிவிடும்" என்றார். இன்னொருவர், "தட்டு மேல் பூசியிருப்பதே அந்த உலோகம்தான், தரவே அதில்தான் பதிகிறது" என்கிறார். மூன்றாமவர், "இப்போது எல்லாம் எஸ்எஸ்டி, இனி அந்த உலோகமே தேவைப்படாது" என்று முடித்துவிட்டார்.

மூன்று பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? அந்த உலோகம் எந்தப் பாகத்தில், எவ்வளவு இருக்கிறது? அரவைக்கு முன்னால் நானே கழற்றி எடுத்துவிட முடியுமா? மேலதிகாரியிடம் கேட்கப் போகிறேன், அதற்கு முன் விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

---

கணிவிரும்பி பதில்:

தட்டில் இருப்பது பிளாட்டினம், ருத்தேனியம் என்று படித்திருக்கிறேன். அவை அரிய மண் உலோகங்கள்தானே? அப்படியானால் இரண்டாமவர் சொன்னது சரி. எஸ்எஸ்டி சில்லுகளில் சேமிப்பது, அதில் நகரும் பாகமே இல்லை, அதனால் மூன்றாமவர் சொன்னதும் சரி.

---

சுழல்தட்டு பதில்:

கணிவிரும்பி, பிளாட்டினமும் ருத்தேனியமும் அரியவைதான், விலை உயர்ந்தவைதான். ஆனால் அரிய மண் உலோகங்கள் என்ற குடும்பத்தில் அவை சேராது. அந்தக் குடும்பத்தில் 17 தனிமங்கள்: லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15, கூடவே ஸ்காண்டியம், யிட்ரியம். இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது, எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. பெயரே குழப்புகிற பெயர். அந்தக் குடும்பத்து சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. நியோடிமியம் ஈயத்தைவிட அதிகம். ஒன்றோடு ஒன்று கலந்தே கிடக்கும், வேதியியலில் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும், பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் அரிதாகத் தெரிகிறது.

தம்பி சர்வரறை, நான் 22 வருடமாக, செத்துப்போன டிஸ்க்குகளிலிருந்து தரவு மீட்டுக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டிஸ்க்காவது திறப்பேன். அதனால் இது புத்தகத்தில் படித்த பதில் இல்லை, கையில் பிடித்துப் பார்த்த பதில்.

ஒரு டிஸ்க்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னும் தட்டுகள். அவற்றின் மேல் நீளும் ஒரு கை. கையின் நுனியில், தரவைப் படித்து எழுதும் ஹெட். எல்லோரும் தட்டையும் ஹெட்டையும்தான் பார்ப்பார்கள். நீங்கள் கையின் மறுமுனையைப் பாருங்கள். மூலையில், தடித்த இரும்புத் தகடுகள் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. அவற்றுக்கு நடுவே சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள் செம்புக் கம்பியால் சுற்றிய தட்டையான சுருள். இரும்புத் தகட்டின் உட்பக்கம் சிறுநீரக வடிவில், வெள்ளி நிறத்தில் ஒட்டியிருப்பது காந்தம். நீங்கள் தேடும் அரிய மண் உலோகம் அதுதான்.

நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம் அது. படிகத்தில் இரண்டு நியோடிமியம் அணுவுக்கு 14 இரும்பு அணு, ஒரு போரான் அணு. எடைக் கணக்கில் கிட்டத்தட்ட 30 சதவீதம் அரிய மண் உலோகம்: பெரும்பகுதி நியோடிமியம், கொஞ்சம் பிரசியோடிமியம், சில காந்தங்களில் டிஸ்ப்ரோசியம் சிறு துளி. வெள்ளி நிறம் அந்த உலோகத்தினுடையது இல்லை, மேலே பூசிய நிக்கலுடையது. பூச்சு பெயர்ந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில், சுட்ட ஓடு மாதிரி இருக்கும். உடையவும் அப்படித்தான் உடையும்.

சென்ற வாரம் திறந்த 3.5 அங்குல டிஸ்க்கில் இரண்டு காந்தங்களையும் தராசில் வைத்தேன். 13 கிராம். அப்படியென்றால் அரிய மண் உலோகம் 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த டிஸ்க்கின் மொத்த எடை 650 கிராம் இருக்கும். உங்கள் 64 டிஸ்க்குகளையும் சேர்த்தால் கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காந்தம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. தட்டுகளைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாருக்குள், மெல்லிய கருப்பு வளையம். அதுவும் நியோடிமியம் காந்தம்தான், ஆனால் தூளாக்கிப் பசையோடு கலந்து வார்த்தது. எடை குறைவு.

இந்த இரண்டு காந்தத்துக்கும் பின்னால் ஒரு கதை உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. 1970களில் நல்ல காந்தம் என்றால் சமாரியம்-கோபால்ட். 1978இல், கோபால்ட் அதிகம் தோண்டிய ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ) சண்டை வந்து கோபால்ட் விலை எகிறியது. கோபால்ட் இல்லாமல், சாதாரண இரும்பை வைத்துக் காந்தம் செய்ய முடியாதா என்று பல இடங்களில் தேட ஆரம்பித்தார்கள். ஜப்பானில் மசாட்டோ சகாவா, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ஜான் குரோட். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. 1983 நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் நடந்த காந்தவியல் மாநாட்டில் இருவரும் ஒரே கலவையோடு வந்து நின்றார்கள். சகாவா தூளை அழுத்திச் சூளையில் சுட்டார். குரோட் உருகிய உலோகத்தைச் சுழலும் சக்கரத்தில் ஊற்றி நொடியில் குளிர வைத்து நாடாவாக்கினார். கையை ஆட்டும் காந்தம் சகாவா வழியில் வந்தது, சுழல் மோட்டாரின் வளையம் குரோட் வழியில் வந்தது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இது எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, இவ்வளவு பலமான காந்தம் எதற்கு?

பழைய டிஸ்க்குகளில் இந்தக் காந்தம் இல்லை. 1980களின் எஸ்டி-225 என்ற 20 மெகாபைட் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார், கடிகார முள் மாதிரி ஒவ்வொரு படியாகத் தாண்டும். தட்டில் தரவு பதிந்திருக்கும் வட்டத் தடம் ஒன்றைப் போய்ப் பிடிக்கச் சராசரியாக 65 மில்லிசெகண்ட் ஆகும். அதோடு, மோட்டார் சூடானால் உலோகம் விரியும், தடம் இருந்த இடத்துக்கும் ஹெட் போய் நிற்கும் இடத்துக்கும் மயிரிழை வித்தியாசம் வரும். குளிர்ந்த நிலையில் எழுதியது சூட்டில் படிக்க வராது. அப்படி வந்த டிஸ்க்குகளை, சூடேறும் முன்னரே படித்து முடிக்க வேண்டும் என்று பதறிப் பதறி மீட்டிருக்கிறேன்.

இன்றைய டிஸ்க்குகளில் இருக்கும் வாய்ஸ் காயில் முறையில் படியே கிடையாது. ஒலிபெருக்கியில் இருப்பது போல, காந்தப் புலத்துக்குள் ஒரு சுருள். மின்னோட்டம் கொடுத்தால் தள்ளும், திருப்பிக் கொடுத்தால் இழுக்கும். ஹெட் தட்டிலேயே எழுதியிருக்கும் இடக்குறியைப் படித்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சுற்றுக்குப் பல நூறு முறை திருத்திக்கொள்ளும். இன்றைய தடத்தின் அகலம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டில், சில மில்லிசெகண்டுக்குள் அந்தத் தடத்துக்குப் போய், நடுங்காமல் நிற்க வேண்டும். கை வேகமாக நகர விசை வேண்டும், விசைக்குப் பலமான புலம் வேண்டும், அதுவும் ஒரு விரல் தடிமனுக்குள் அடங்க வேண்டும். சாதாரண ஃபெரைட் காந்தத்தைவிட நியோடிமியம் காந்தம் பத்து மடங்கு ஆற்றலை அதே கன அளவில் பிடித்து வைக்கும். ஃபெரைட்டில் செய்தால் அந்த மூலைக்குள் அடங்கவே அடங்காது.

அந்தப் பலம் நியோடிமியத்திலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காந்தத்தன்மையின் பெரும்பகுதியைத் தருவது இரும்பு. தனி இரும்பின் கோளாறு என்னவென்றால், அதன் திசை சுலபமாக மாறிவிடும், எந்தப் பக்கம் இழுத்தாலும் போய்விடும். நியோடிமியம் அணுவின் உட்கூட்டு எலக்ட்ரான் மேகம் உருண்டையாக இல்லை, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். படிகத்துக்குள் அது ஒரே நிலையில்தான் பொருந்தும். அது இரும்பின் திசையையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது.

நீங்கள் காந்தத்தைக் கையில் எடுத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு திசைகாட்டியை அதன் முகத்துக்கு நேரே, எட்டத்தில் பிடித்து, இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு நகர்த்துங்கள். பாதி வழியில் முள் திரும்பிவிடும். ஒரே துண்டின் ஒரே முகத்தில் வடமுனையும் தென்முனையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காரணம் சுருளின் வடிவம். சுருளின் ஒரு பக்கத்தில் மின்னோட்டம் மேலே போனால் மறு பக்கத்தில் கீழே வரும். இரண்டுக்கும் ஒரே முனை காட்டினால் விசை ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். எதிர் முனைகள் காட்டினால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். பின்னால் இருக்கும் தடித்த இரும்பும் வெறும் தாங்கி இல்லை. புலத்தை வளைத்து உள்ளேயே சுற்ற விடுகிறது. அதனால்தான் இவ்வளவு பலமான காந்தம் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும் ஒரு எழுத்துகூட அழிவதில்லை.

இப்போது உங்கள் இரண்டாமவர் சொன்னதற்கு வருகிறேன். தட்டின் பதிவுப் படலம் கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் கலவை. அடியில் ருத்தேனியம் படலம். லேசரால் சூடேற்றி எழுதும் புதிய டிஸ்க்குகளில் இரும்பும் பிளாட்டினமும். ஹெட்டில் இருக்கும் உணர்வியும் அரிய மண் உலோகத்தால் ஆனதில்லை. ஆக, ஹார்ட் டிஸ்க்கில் தரவை வைத்திருப்பது அது இல்லை, தரவு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது அது.

ஆனால் அவர் சொன்னது முழுத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அரிய மண் உலோகத்திலேயே தரவு பதிந்த காலம் ஒன்று இருந்தது. மேக்னெட்டோ-ஆப்டிகல் தட்டுகள். 1988இல் வந்த நெக்ஸ்ட் கணினியில் 256 மெகாபைட் தட்டு, 1992இல் வந்த மினிடிஸ்க், அலுவலகங்களின் 3.5 அங்குலத் தட்டுகள் எல்லாம் அந்த வகை. பதிவுப் படலம் டெர்பியம், இரும்பு, கோபால்ட் கலவை. எனக்கு மிகவும் பிடித்த சேமிப்புக் கருவி அதுதான். டெர்பியத்தின் காந்தத் திசையும் இரும்பு-கோபால்ட்டின் திசையும் ஒன்றுக்கொன்று எதிர். அறை வெப்பத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் காந்தமே இல்லை போல இருக்கும். பிடிக்க எதுவும் இல்லாததால் வெளிக் காந்தம் அதைத் திருப்ப முடியாது. லேசரால் ஒரு புள்ளியை 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றினால் அந்தப் பூட்டு தளரும், அப்போது சின்னப் புலமே அதைத் திருப்பிவிடும். குளிர்ந்ததும் மறுபடி பூட்டு. படிக்கும்போது மெல்லிய லேசர் பட்டுத் திரும்பும், அதன் முனைவுத் திசை (ஒளி அதிரும் திசை) சற்றே சாய்ந்திருப்பதை வைத்து 0, 1 என்று அறிவார்கள். 

போன வருடம் ஒரு முதியவர் அப்படிப்பட்ட 230 மெகாபைட் தட்டுகள் ஒன்பதைக் கொண்டுவந்தார். அவர் மனைவி தொகுத்த நாட்டுப்புறப் பாடல் எழுத்துப்படிகள். இயங்கும் டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடிக்கத்தான் மூன்று வாரம் ஆனது. தட்டுகளோ, போட்டவுடன் ஒன்பதும் முழுதாகப் படித்தன. ஒரு செக்டர் பழுதில்லை. அதே காலத்து ஹார்ட் டிஸ்க்குகள் என் மேசையில் எத்தனை செத்துக் கிடக்கின்றன என்பது எனக்குத்தான் தெரியும்.

---

குடுவை பதில்:

சுழல்தட்டு ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஒன்றைத் திருத்துகிறேன். நான் மெருகேற்றும் பொருட்கள் பற்றிய வேதியியலில் வேலை செய்கிறவள்.

சேர்ப்பது சீரியம். முடிந்த பொருளில் அது இருக்காது, ஆனால் அது இல்லாமல் பொருளே முடியாது. 2.5 அங்குல டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. அதை மெருகேற்றும்போது இழைப்பது சீரியம் ஆக்சைடு கலந்த குழம்பால். கண்ணாடியைவிட மிகக் கடினமான பொருளால் தேய்த்தால் கீறல்தான் விழும். சீரியம் ஆக்சைடு தேய்ப்பதோடு நிற்காமல், கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிப்பிணைப்பு உண்டாக்கி, மெல்ல மெல்ல உரித்தெடுக்கிறது. ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது என்றால், அந்தத் தட்டு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருத்துவது எஸ்எஸ்டி பற்றிய பேச்சை. ஐயா அதைத் தொடவில்லை, அதனால் கணிவிரும்பி சொன்னது அப்படியே நிற்கிறது. எஸ்எஸ்டியில் காந்தம் இல்லை, உண்மை. கிராம் கணக்கில் நியோடிமியம் தேவையில்லை, அதுவும் உண்மை. ஆனால் சிலிக்கான் சில்லு தயாரிப்பில், டிரான்சிஸ்டர்களைப் பிரிக்கும் பள்ளங்களை நிரப்பிச் சமப்படுத்தும் கட்டத்தில் அதே சீரியம் ஆக்சைடு குழம்பு வருகிறது. அப்புறம், எஸ்எஸ்டி பலகையில் அரிசிமணியைவிடச் சிறிய பழுப்பு நிறச் செவ்வகங்கள் வரிசையாக இருக்குமே, அந்தப் பீங்கான் மின்தேக்கிகள், அவற்றின் பேரியம் டைட்டனேட்டில் டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம், யிட்ரியம் போன்றவற்றைச் சிறிதளவு கலக்கிறார்கள். கலக்காவிட்டால் நிக்கல் மின்முனையோடு சேர்த்துச் சுட்ட மின்தேக்கி சீக்கிரம் கசிய ஆரம்பித்துவிடும். ஒரு எஸ்எஸ்டியில் இருக்கும் அளவு மிகமிகக் குறைவு, மீட்டெடுக்கும் நிலையிலும் இல்லை. இருந்தாலும் "தேவையே இல்லை" என்பது சரியல்ல.

2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று அறிவித்த 7 உலோகங்களில் சமாரியம், காடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், யிட்ரியம் இருந்தன. நியோடிமியம் அந்தப் பட்டியலில் இல்லை. கிராம் கணக்கில் போகும் நியோடிமியம் அப்போது தப்பியது, துளியாகப் போகும் டிஸ்ப்ரோசியமும் யிட்ரியமும் மாட்டின.

---

சர்வரறை:

எல்லோருக்கும் நன்றி. சுழல்தட்டு அண்ணா, உங்கள் பதிலை அப்படியே அச்செடுத்து மேலதிகாரியிடம் கொடுத்தேன். தட்டுகளை எங்கள் கண் முன்னால் உடைத்தால் போதும், மற்றதை என்ன செய்தாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

நேற்று ஒரு டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன மூலையில் அப்படியே இருக்கிறது. மேல் தகடு வரவே மாட்டேன் என்றது, நெம்பித் தூக்கியபோது சட்டென்று எழும்பி, திரும்ப விழுந்து, என் சுட்டுவிரல் சதையைக் கவ்வியது. இரத்தம் கட்டிவிட்டது. அது கிடக்கட்டும். எனக்கு இன்னும் இரண்டு கேள்வி. காந்தத்தைத் தகட்டிலிருந்து பிரிக்க வேண்டுமா, அப்படியே கொடுக்கலாமா? அரவைக்குப் போனால் உண்மையில் அதற்கு என்ன ஆகும்?

---

சுழல்தட்டு:

விரலை வெந்நீரில் வைக்காதீர்கள், முதலில் குளிர்ந்த நீர்தான். அடுத்த முறை நெம்புவதற்கு முன் மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்குச்சியைச் செருகிக்கொள்ளுங்கள். மரம் இருந்தால் விரல் தப்பும். காந்தங்கள் வெளியே வந்தபின் இரண்டையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். ஒன்றோடு ஒன்று மோதினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

தகட்டிலிருந்து பிரிக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள். தகட்டைக் குறடால் வளைத்தால் பசை விட்டுக் காந்தம் கழன்று வரும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் பாதி முறை காந்தம் உடைகிறது. தீயில் காட்டிப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பசை எரிந்து புகை வரும். அரத்தால் தேய்க்கவும் வேண்டாம், அந்த மெல்லிய தூள் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடியது.

அரவையில் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். அதை நான் நேரில் பார்த்தேன், அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு ஆற்றாமை. சில வருடங்களுக்கு முன் நான் தரவு மீட்டுக் கொடுத்த ஒரு இடத்தில், மீதி டிஸ்க்குகள் முந்நூறு இருந்தன, ஒப்பந்தக்காரர் வண்டியோடு வந்து வாசலிலேயே அரைத்தார். காந்தம் ஓடு மாதிரி நொறுங்கியது. ஆனால் நொறுங்கினாலும் காந்தம் காந்தம்தான், ஒவ்வொரு பொடியும் பக்கத்தில் இருந்த இரும்புத் துண்டில் போய் ஒட்டிக்கொண்டது. இயந்திரத்தின் பல், சல்லடை, தொட்டிச் சுவர் எல்லாம் சாம்பல் நிறத்தில் மயிர்க்கூச்செறிந்தது போல நின்றது. அந்தக் கலவை இரும்புக் கழிவோடு போகும். உருக்கு உலையில் இரும்பு மீளும், நியோடிமியம் ஆக்சைடாகிக் கசடோடு போய்விடும். அலுமினியத்தைத் திருப்பி எடுக்கிறார்கள், சர்க்யூட் பலகையின் தங்கத்தை எடுக்கிறார்கள். சுரங்கத்திலிருந்து எடுத்து, நூற்றுக்கணக்கான கட்டங்களில் அமிலமும் கரைப்பானும் கலந்து கலக்கிப் பிரித்த அந்த 4 கிராம், 30 வருடம் ஆனாலும் பலம் குறையாத அந்தப் பொருள், கசடாகிறது. முந்நூறு டிஸ்க்கில் ஒரு கிலோவுக்கு மேல். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

முழுசாகக் கழற்றிக் கொடுத்தால் வழி இருக்கிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த முறை எனக்குப் பிடித்தது. காந்தத்தை ஹைட்ரஜன் வாயுவில் வைக்கிறார்கள். உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சி ஊதிப் பெருத்து, தானாகவே தூளாக உதிர்கிறது, கூடவே காந்தத்தன்மையும் போய்விடுகிறது. நிக்கல் பூச்சு செதிலாகத் தனியே நின்றுவிடும். பசை ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, தூள் மட்டும் கொட்டும். அந்தத் தூளையே திரும்ப அழுத்திச் சுட்டுக் காந்தம் செய்யலாம், தனிமம் தனிமமாகப் பிரிக்கத் தேவையில்லை. ஹிட்டாச்சி 2010இலேயே டிஸ்க்குகளைப் பெரிய உருளையில் போட்டு உருட்டி, திருகுகள் கழன்று காந்தம் தனியே வரும்படி ஒரு இயந்திரம் காட்டினார்கள், மணிக்கு 100 டிஸ்க் கணக்கு. கையால் செய்கிறவருக்கு மணிக்கு 12 என்று அவர்களே சொன்னார்கள். என் கை பழகிய கை, எனக்கு 15 வரும்.

இன்னொரு விஷயம், படித்ததிலிருந்து மனதைவிட்டுப் போகவில்லை. 1841இல் மொசாண்டர் என்ற ஸ்வீடன் வேதியியலாளர் டிடிமியம் என்று ஒரு தனிமத்தைக் கண்டதாக அறிவித்தார். இரட்டையர் என்று அர்த்தம். 1885இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் அது ஒன்றல்ல, இரண்டு என்று பிரித்துக் காட்டினார். ஒன்று நியோடிமியம், புதிய இரட்டை. மற்றது பிரசியோடிமியம், பச்சை இரட்டை. அவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததைக் காந்தம் செய்கிறவர்கள் இன்று பெரும்பாலும் பிரிக்காமலே வாங்குகிறார்கள். இரண்டும் காந்தத்தில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, பிரிப்பது வீண் செலவு.

உங்கள் 64இல் மூடி பற்றவைத்த டிஸ்க் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். திருகு எதுவும் தெரியாமல் விளிம்பு முழுக்க உருகி ஒட்டியது போல இருந்தால் அது ஹீலியம் அடைத்தது, 4 டெராபைட்டில் பொதுவாக வராது. மற்றவற்றுக்கு டி8 நட்சத்திரத் திருப்புளி போதும். லேபிளுக்கு அடியில் ஒரு திருகு ஒளிந்திருக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் தெரியும். மூடி வராமல் அடம்பிடித்தால் அந்தத் திருகைத்தான் மறந்திருப்பீர்கள், நெம்பாதீர்கள்.

---

குடுவை:

தட்டுகளை உடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. 3.5 அங்குலத்தில் பெரும்பாலும் அலுமினியம், வளையும். ஆனால் பார்வைக்குக் கண்ணாடித் தட்டும் அதே மாதிரிதான் இருக்கும். முதலில் ஒன்றைத் துணிப்பைக்குள் போட்டு வளைத்துப் பாருங்கள். கண்ணாடியாக இருந்தால் வெடித்துச் சிதறும்.

---

சர்வரறை:

இன்று 11 டிஸ்க் முடித்தேன். தட்டுகள் எல்லாம் அலுமினியம், ஒவ்வொன்றிலும் மூன்று துளை போட்டு, எண் எழுதிப் பையில் போட்டிருக்கிறேன். மரக்குச்சி யோசனை வேலை செய்கிறது. திசைகாட்டிச் சோதனையும் செய்தேன். அறைக்கு அந்தக் கோடியிலிருந்து மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். தட்டில்தான் இருக்கிறது என்று சொன்னவர் தன் கையாலேயே நகர்த்திப் பார்த்தார், சரியாகப் பாதியில் முள் திரும்பியது. நாளையிலிருந்து அவரும் திருப்புளியோடு உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

தகட்டோடு சேர்த்துக் காந்தங்களை வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டார்கள். அனுப்பும்போது எப்படிக் கட்டுவது?

---

சுழல்தட்டு:

கழற்றிய ஜோடியை மறுபடி நேருக்கு நேர் வைத்து, நடுவே கெட்டி அட்டை கொடுத்து, ஒட்ட விடுங்கள். டிஸ்க்குக்குள் இருந்த அதே நிலை, புலம் பெரும்பாலும் உள்ளேயே சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகச் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள், நாலு பக்கமும் ஒரு சாண் அளவுக்கு அட்டை அடையுங்கள். கட்டி முடித்ததும் திசைகாட்டியைப் பெட்டிக்கு வெளியே பிடித்துச் சுற்றி வாருங்கள். முள் பெரிதாக ஆடினால் உள்ளே ஏதோ ஒரு ஜோடி தலைகீழாக மாட்டியிருக்கிறது, பிரித்துப் பாருங்கள். விமானத்தில் போகும் பொதி என்றால் காந்தம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்குத் தனி விதி உண்டு.

ஒரு ஜோடியை மட்டும் அனுப்பாமல் உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. அடுத்த பெட்டி ஓய்வுபெறும்போது யாராவது வந்து "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பார்கள்.